வரத்துக்காலை விட்டுவிட்டுக் கண்மாயைத் தோண்டாதீர்கள்

நீர்வளப் பணிகளுக்கு நிதி ஒதுக்கி, மதிப்பீடுகளுக்கு ஒப்புதல் தரும் பொறுப்பில் சென்னையில் இருக்கும் உயரதிகாரிகளுக்கு,

ராமநாதபுரம் மாவட்டத்தில் பரமக்குடிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊர்க் கண்மாயைத் தூர்வார நிதி ஒதுக்கியிருக்கிறீர்கள். மதிப்பீட்டின் நகலை என் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பினான். தண்ணீர் தேங்கி நிற்கும் உள்வாயை ஆழப்படுத்துவது, கரையை உயர்த்துவது, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடைகளில் இரண்டைப் புதிதாகக் கட்டுவது, மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்கைப் பழுதுபார்ப்பது, கரைமேல் பெயர்ப்பலகை வைப்பது என்று எல்லாம் அதில் இருக்கிறது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பற்றி ஒரு வரி இல்லை. ஊர்க்காரர்கள் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டிருக்கிறார்கள். "அது பல வருஷமா தண்ணி வராத வாய்க்கால். அதுவும் எங்க கணக்குல இல்ல" என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அங்கே கேட்டால் மேலிடத்தில் கேளுங்கள் என்கிறார்கள். மேலிடம் சென்னையில் இருக்கிறது. பிழைப்புக்காக வந்து நானும் சென்னையில்தான் இருக்கிறேன். அதனால் நேரடியாக உங்களுக்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வைகை வருசநாட்டு மலையில் பிறந்து தேனி, மதுரை, சிவகங்கை வழியாகச் சுமார் 258 கிலோமீட்டர் வருகிறது. அது நேராகக் கடலுக்குப் போகிற ஆறு அல்ல. ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ச் சேர்கிறது. பெரிய கண்மாய் நிறைந்து மறுகாலாக வழிந்து போனால் மிச்சம் ஆற்றங்கரைப் பக்கம் கடலைத் தொடும். பல வருடங்களில் அந்த மிச்சமே இருக்காது. வழியில் இரண்டு பக்கமும் இருக்கும் கண்மாய்கள் ஆற்றை வாங்கிக்கொள்ளும். அந்தக் கண்மாய்களை நம்பித்தான் அங்கே ஊர்கள் உருவாயின.

சென்னையில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. எங்கள் பக்கம் 800-ஐ ஒட்டித்தான். அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. கிணறு வெட்டி விவசாயம் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லாத ஊர்கள் அதிகம். ஆக, மேலே ஓடிவரும் தண்ணீரை மேலேயே பிடித்து வைத்தாக வேண்டும். நிலம் மேற்கிலிருந்து கிழக்காகவும் தென்கிழக்காகவும் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சரிந்து போகிறது. அந்தச் சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவத்தில் கரை போட்டு, ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாய்க்கு வரத்தாகும்படி கடைசிவரைக்கும் கோத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். இன்றைக்கு இருக்கும் மட்டம் பார்க்கும் கருவிகள் இல்லாத காலத்தில் செய்த வேலை இது. மதுரையில் வைகைக் கரையில் கிடைத்த ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு மதகு அமைத்ததைப் பேசுகிறது. அவ்வளவு பழைய வேலை.

இந்த அமைப்பில் கண்மாய் என்பது தனியாக ஒரு பள்ளம் அல்ல. வரத்துக்கால், உள்வாய், கரை, மடை, கலுங்கு, மறுகால் எல்லாம் சேர்ந்ததுதான் கண்மாய். நீங்கள் அனுமதித்திருக்கும் வேலை, தொண்டையை அடைத்துவிட்டு வயிற்றைப் பெரிதாக்குகிற வேலை.

எங்கள் பக்கம் நெல் எப்படி விளைகிறது என்று தெரிந்தால் நான் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்பது புரியும். நாங்கள் பெரும்பாலும் நாற்று விட்டு நடுவதில்லை. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணைப் புழுதியாக உழுது விதைநெல்லைத் தூவிவிடுவோம். மழை விழுந்ததும் முளைக்கும். கார்த்திகை வரைக்கும் மழையை நம்பிய பயிர். அப்புறம் கண்மாயில் தண்ணீர் சேர்ந்தால் மடையைத் திறப்போம், அதே வயல் நன்செய் ஆகிவிடும். மழை ஓய்ந்த பிறகு, பயிர் பொதி கட்டிக் கதிர் தள்ளுகிற நேரத்தில், இரண்டோ மூன்றோ தண்ணீர் பாய்ந்தால் வீட்டுக்கு நெல் வந்துவிடும். பாயவில்லை என்றால் கதிர் வெளுத்து, மணி பிடிக்காத சாவியாகப் போகும். விதை, உழவு, களையெடுப்பு, உரம் எல்லாம் செலவழித்து முடித்த பிறகு வரும் இழப்பு அது. அந்த இரண்டு தண்ணீர் வரத்துக்கால் வழியாகத்தான் வர வேண்டும்.

ஒரு வருடம் வைகை அணையில் மூன்றாம் பகுதிக்குத் தண்ணீர் திறந்திருந்தார்கள். வைகைப் பூர்வீகப் பாசனத்தில் கடைசிப் பகுதி எங்களுடையது. அணையைத் திறக்கும்போது எங்களுக்கு முதலில் விடுவது வழக்கம். ஆற்றின் தண்ணீரைக் கால்வாய்களுக்குத் திருப்பும் பார்த்திபனூர் மதகணைக்குத் தண்ணீர் வந்துவிட்டது, கால்வாயில் திருப்பிவிட்டார்கள் என்று சேதி வந்தது. கண்மாய்க்கு மட்டும் வரவில்லை. நான் லீவுக்கு ஊருக்குப் போயிருந்த நேரம். ராத்திரி அப்பாவும் இன்னும் சில ஆட்களும் மண்வெட்டியோடு வரத்துக்காலிலேயே மேலே நடந்தார்கள். நானும் கூடப் போனேன்.

தார்ச்சாலை குறுக்கிடும் இடத்தில் தண்ணீர் மேல்பக்கம் தேங்கி நின்றது. சாலைக்கு அடியில் போட்டிருந்த சிமென்ட் குழாயின் வாய், வாய்க்காலின் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருந்தது. அதிலும் பாதி மண்ணடித்துக் கிடந்தது. குழாய்க்கு முன்னால் சீமைக்கருவேல முள்ளில் பாலிதீன் பைகள், பழைய சாக்கு, கிழிந்த சேலைத்துணி என்று சிக்கி மிச்ச வழியையும் அடைத்திருந்தன. அப்பா படுத்துக்கொண்டு குழாய்க்குள் தோள்வரை கையை விட்டு மண்ணை அள்ளி அள்ளி வெளியே போட்டார். முள் கிழித்து முன்கை முழுக்க ரத்தம். டார்ச்சை அடித்துக்கொண்டு நான் நின்றேன். விடியும்போது எங்கள் பக்கம் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. அதற்குள் எங்கள் முறை முடிந்து மேலே அடைத்துவிட்டார்கள். வந்த தண்ணீர், மண் அள்ளுவதற்காக முன்பு பொக்லைன் தோண்டிப்போட்டிருந்த குழிகளில் இறங்கித் தங்கிவிட்டது. மடைவாய்க்கு ஒரு சொட்டும் ஏறவில்லை. அந்த வருடம் எங்கள் ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், முழுக்கச் சாவி.

அணையில் தண்ணீர் இருந்தது. ஆற்றிலும் வந்தது. மதகணையில் திருப்பியும் விட்டார்கள். நின்றது ஒரு குழாயில். "பல வருஷமா தண்ணி வராத வாய்க்கால்" என்று அலுவலகத்தில் சொல்கிறவர்கள், தண்ணீர் ஏன் வரவில்லை என்று அந்த வாய்க்காலில் ஒரு முறையாவது நடந்து பார்த்திருந்தால் இந்த மடலுக்கு வேலையே இருந்திருக்காது.

அந்தக் குழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மதிப்பீட்டில் அதிகப் பணம் ஒதுக்கியிருப்பது உள்வாயை ஆழப்படுத்தத்தான். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அங்கே நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. இன்ஜின் வைத்துத்தான் இறைக்க வேண்டும். அது யாரிடம் இன்ஜின் இருக்கிறதோ அவர்களுக்கு மட்டும் கிடைக்கும் தண்ணீர். அதோடு, உள்வாயில் காலகாலமாகப் படிந்த களிமண் அடுக்குதான் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை வெட்டிக் கீழே மணலைத் தொட்டுவிட்டால் தண்ணீர் இறங்கிப் போய்விடும். வண்டலை எடுப்பது வேறு, களியை உடைப்பது வேறு. வண்டலை எடுத்துத் தங்கள் வயலுக்கே அடித்துக்கொண்டவர்கள் எங்கள் தாத்தாமார்கள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். இப்போது தூர்வாரும் பேரில் டிப்பர் வரிசையாக வந்து சவுடு மண்ணை அள்ளிப் போகிறது. மண்ணுக்கு விலை இருக்கிறது. வரத்துக்காலில் அள்ளும் முள்ளுக்கும் சேற்றுக்கும் விலை இல்லை. எந்த வேலைக்கு ஆர்வம் வருகிறது, எந்த வேலை மதிப்பீட்டிலிருந்து விழுந்துவிடுகிறது என்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, வரத்துக்கால் யார் கணக்கில் இருக்கிறது? தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத்துறை பார்க்கும், ஊரில் இன்னும் அதைப் பி.டபிள்யூ.டி. கண்மாய் என்றுதான் சொல்வோம். அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. எங்களுக்கு மேலே இருப்பது துறைக் கண்மாய். எங்களுடையதும் துறைக் கண்மாய்தான். நடுவில் இருப்பது ஒன்றியக் கண்மாய். வரத்துக்கால் இந்த மூன்றையும் தொட்டுக்கொண்டு, இரண்டு ஊராட்சி எல்லைகளைத் தாண்டி, ஒரு சாலைக்கு அடியில் நுழைந்து வருகிறது. துறையில் கேட்டால் ஒன்றியம் என்கிறார்கள், ஒன்றியத்தில் கேட்டால் துறை என்கிறார்கள், குழாயைப் பற்றிக் கேட்டால் சாலை போட்டவர்களைக் கேளுங்கள் என்கிறார்கள். தண்ணீருக்கு இந்தப் பிரிவெல்லாம் இல்லை. ஒரு இடத்தில் அடைத்தால் கீழே அத்தனை ஊரும் காயும்.

இந்த நிலைமை எப்போதும் இருந்ததில்லை. வரத்துக்காலை வெட்டுவது ஊர்ப் பொறுப்பாக இருந்தது. அதைத்தான் குடிமராமத்து என்றார்கள். அந்த வேலைக்கு ஆள் வராமல் போனால் கட்டாயப்படுத்த 1858-ல் ஆங்கிலேயர் ஒரு சட்டமே போட்டார்கள். ஒவ்வொரு கண்மாய்க்கும் நீர்ப்பாய்ச்சி இருந்தார். எந்த மடையை எப்போது, எவ்வளவு திறப்பது, வரத்துக்காலில் எங்கே கரை பலவீனம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அறுவடையில் அவருக்கென்று நெல் உண்டு. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக் கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தன. ஜமீன் ஒழிந்தது நல்லது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் கண்மாயைக் கணக்கில் எடுத்துக்கொண்ட அரசு, அதைக் காப்பாற்றிய ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் கடைசி நீர்ப்பாய்ச்சி இறந்த பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. குடிமராமத்து என்ற பெயரிலேயே 2017-ல் அரசு பெரிய திட்டம் கொண்டுவந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. எங்கள் கண்மாயில் அப்போதும் உள்வாய்தான் வெட்டப்பட்டது.

நான் குடியிருப்பது வேளச்சேரி. பெரிய ஏரியாக இருந்த இடத்தில் பாதி ஊர் உட்கார்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் பழைய வழியைத் தேடிக்கொண்டு தெருவுக்குள் வருகிறது. தியாகராய நகர் எழுந்தது 1920-களில் தூர்க்கப்பட்ட மாம்பலம் நீண்ட ஏரியின் மேல். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. இவற்றையும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு தாளில், இனி இது பயன்படாது என்று எழுதித்தான் தொடங்கியிருப்பார்.

அதே சென்னைக்கு 2004-லிருந்து வீராணத்திலிருந்து தண்ணீர் வருகிறது. சுமார் 235 கிலோமீட்டர் தூரம் குழாயில். வீராணமும் சோழர் காலத்து ஏரிதான். அதற்கு வரத்துக்கால் எது? கொள்ளிடத்தில் கீழணையிலிருந்து பிரியும் வடவாறு. வடவாறு எங்கள் கணக்கில் இல்லை, ஏரியை மட்டும் ஆழப்படுத்துகிறோம் என்று யாராவது மதிப்பீடு போட்டுக்கொண்டு வந்தால் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா? கிருஷ்ணா நீர் 1996-ல் பூண்டிக்கு வந்துவிட்டது. ஆனாலும் அதை ஆந்திராவிலிருந்து கொண்டுவரும் கண்டலேறு கால்வாயில் கசிவும் கரைச் சரிவுமாகப் பாதி வழியிலேயே தண்ணீர் வீணானது. கால்வாயைச் சீர்செய்த பிறகுதான் வரத்து கூடியது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து இந்த நகரத்துக்குக் கொடுத்தார்கள், அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களில் நானும் ஒருத்தர். தண்ணீர் இருக்கும் இடத்தைவிட அது வரும் வழி முக்கியம் என்று உங்கள் துறைக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னைக்கு நீங்கள் தெரிந்தே கடைப்பிடிக்கும் விதியை எங்கள் ஊருக்கும் கடைப்பிடியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மேற்கே ஓடும் பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று முதலில் ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னது ராமநாதபுரம் சேதுபதி அரசு. அந்த அரசின் பிரதானி, அதாவது அமைச்சர், முத்திருளப்ப பிள்ளை அந்த முயற்சியை எடுத்தது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில். நூறு வருடம் கழித்து 1895-ல் பென்னிகுயிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார். அந்தத் தண்ணீரில் விளைந்தது பெரும்பாலும் மதுரை, மேலூர்ப் பக்கம். அவர்கள் விளைவித்தது பற்றி எங்களுக்குப் பொறாமை இல்லை. 1959-ல் வைகை அணை வந்தது. 2021-ல் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள், 262 கிலோமீட்டர் கால்வாய். அந்தத் தண்ணீர் வர வேண்டும் என்று நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் அது குண்டாறு வரை வந்து சேர்ந்தாலும், அங்கிருந்து ஊர்க் கண்மாய்களுக்கு எதன் வழியாகப் போகும்? அதே வரத்துக்கால்களில்தானே? அவற்றை இன்றைக்குக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு நாளைக்குப் புதிதாக நிலம் எடுக்கப் போகிறீர்களா?

முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பறவைகளுக்காக நாடே பெருமைப்பட்டது. அவை இரண்டும் கண்மாய்கள்தான். அங்கேயும் வரத்து இல்லாவிட்டால் பறவை வராது.

எங்கள் பக்கம் வந்த பொறியாளர்களில் அக்கறையோடு வேலை செய்தவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் சித்திரை வெயிலில் முள்ளுக்குள் புகுந்து மதகணையிலிருந்து எங்கள் கண்மாய் வரை மட்டம் எடுத்தார். ஊரில் அவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் இன்றைக்கும் அவர் பேரைச் சொல்கிறார்கள். வேலை பாதியில் இருக்கும்போது மாற்றலாகிப் போனார். அவர் எடுத்த அளவுகள் எந்தக் கோப்பில் இருக்கின்றன என்று இப்போது இருப்பவர்களுக்குத் தெரியவில்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான்.

எங்கள் கண்மாய்க்கான மதிப்பீட்டை வேலை தொடங்கும் முன் நிறுத்தித் திருத்துங்கள். கூடுதல் பணம் கேட்கவில்லை. ஆழப்படுத்த ஒதுக்கிய தொகையை வரத்துக்காலுக்கு மாற்றுங்கள். முதலில் வரத்துக்கால், பிறகு மடையும் கலுங்கும், அதற்குப் பிறகு பணம் மிஞ்சினால் உள்வாய் என்ற வரிசையில் வேலை நடக்கட்டும். திருத்துவதற்கு முன் பொறுப்பான பொறியாளர் ஒருவர், மதகணையிலிருந்து கண்மாய் வரை முழு வாய்க்காலையும் ஊர்ப் பெரியவர்களோடு நடந்து பார்க்க வேண்டும். எங்கே அடைப்பு, எங்கே ஆக்கிரமிப்பு, எங்கே கரை உடையும் என்று காட்ட ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

சாலைக்கு அடியில் இருக்கும் அந்தக் குழாயை எடுத்துவிட்டு, வாய்க்கால் தரைமட்டத்தில் அகலமான பாலம் போட வேண்டும். சாலைக்குப் பொறுப்பானவர்களுக்கு நீங்களே எழுதுங்கள்; ஊர்க்காரர்கள் எழுதிய மனுக்களுக்குப் பதில் இல்லை.

மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எந்தக் கண்மாயிலும் தோண்டக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். அந்த மட்டத்தைக் கரையில் கல் நட்டுக் குறியுங்கள். எத்தனை லோடு மண் எடுக்கிறார்கள், எங்கே போகிறது என்பதை ஊராட்சி அலுவலகத்தில் தினமும் எழுதி ஒட்டச் செய்யுங்கள்.

ஒரு கண்மாய்த் தொடருக்கு ஒரே அதிகாரி பொறுப்பு என்று வையுங்கள். துறைக் கண்மாயோ ஒன்றியக் கண்மாயோ, மதகணையிலிருந்து கடைசிக் கண்மாய் வரை வரத்துக்கால் அவர் கணக்கில் இருக்கட்டும். ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் சட்டம் வந்தது. அதில் சொன்னபடி அளந்து கல் நடும் வேலையை வரத்துக்காலுக்கும் செய்யுங்கள். அளந்த வரைபடத்தின் ஒரு பிரதியை ஊரிலும் கொடுங்கள். அதிகாரி மாறினாலும் அது ஊரில் இருக்கும்.

நீர்ப்பாய்ச்சி பொறுப்புக்கு மறுபடியும் ஆள் வைக்க வழி செய்யுங்கள். ஊர் தேர்ந்தெடுக்கட்டும், சம்பளத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுதாரர்கள் கொடுக்கத் தயாராக இருக்கிறோம், மறு பங்கை அரசு தரட்டும்.

இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் பதில் தாருங்கள். திருத்திய மதிப்பீடு பங்குனிக்குள் வர வேண்டும். வரத்துக்கால் வேலை ஆடிக்குள் முடிய வேண்டும். ஆவணியில் நாங்கள் விதைத்துவிடுவோம்.

சென்னை வேளச்சேரியில் வசிக்கும்,
பரமக்குடி வட்டாரத்து ஆயக்கட்டுதாரர் ஒருவர்